வெளியே இருங்கள் என்று சொன்னேன்

புண் கட்டுவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் நாலு வருஷம் படித்து வந்தவர்கள். நான் பத்தாவது. கிருஷ்ணகிரியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேயே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, அப்புறம் பயிற்சி முடித்து, நர்ஸ் உடுப்பு போட்டவள். கடைசிப் பதினாலு வருஷம் ஓசூரிலிருந்து வேனில் போய், வீட்டோடு கிடக்கிற கேன்சர் நோயாளிகளைப் பார்த்தேன். போன வருஷம் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

புதிதாக வந்த பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நல்லபடியாக நடந்ததைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் தப்பாகச் செய்த ஒன்றைச் சொல்கிறேன்.

நம் வேலை முறை உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டுக்கு முதல் தடவை போனதும் அந்த வீட்டில் ஒரு ஆளைப் பிடிப்போம். கட்டு மாற்ற, மாத்திரை கொடுக்க, திருப்பிப் படுக்கவைக்க அந்த ஆளுக்குச் சொல்லிக்கொடுப்போம். பைலில் ‘பார்த்துக்கொள்பவர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அந்தப் பேரை எழுதுவோம். அதற்கப்புறம் போன் பேசுவது, திட்டுவது, பாராட்டுவது எல்லாம் அந்தப் பேரோடுதான். நோயாளிக்கு ஏழு பக்கம். பார்த்துக்கொள்பவருக்கு அந்த ஒரு கட்டம்.

அதை நிரப்ப எனக்கு இரண்டு நிமிஷம் போதும். வாசலில் நின்றபடியே, “வீட்ல பொம்பளைங்க யாரு?” என்பேன். யார் முன்னால் வருகிறாளோ அவள் பேர். மருமகள், மகள், தங்கச்சி. ஒருத்தியும் இல்லை என்றால் பக்கத்து வீட்டில் கேட்பேன். ஆம்பிளையின் பேரை எழுதினது எனக்கு நினைவில்லை.

இத்தனைக்கும் எனக்கு நல்ல வழி காட்டின ஆள் இருந்தாள். கிருஷ்ணகிரியில் என் முதல் வார்டில் ஒரு மூத்த சிஸ்டர். காலையில் வந்ததும் கட்டிலைப் பார்க்கமாட்டாள். கட்டிலுக்குக் கீழே பாயில் உட்கார்ந்திருக்கிற ஆளைத்தான் பார்ப்பாள். “இதுவரைக்கும் யாரு பாத்தது? நீயா? போய் குளிச்சிட்டு, நாலு இட்லி சாப்புட்டு வா. அதுவரைக்கும் நா இருக்கேன்” என்று அந்தப் பாயிலேயே உட்கார்ந்துவிடுவாள். வேலைக்குச் சோம்பல்பட்டு உட்காருகிறாள் என்று நாங்கள் பின்னால் சிரிப்போம். நாலு வருஷம் அவள் கேள்வியைத் தினமும் காதில் வாங்கினேன். மனசில் வாங்கவில்லை.

சூளகிரி தாண்டி, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போகிற ஊர். ஒரு பக்கம் தக்காளித் தோட்டம். இன்னொரு பக்கம் புதிதாக எழுப்பின கம்பெனி காம்பவுண்டு. நடுவில் ஏழெட்டு வீடு. அதில் ஒன்று மஞ்சுளா வீடு. நாற்பது, நாற்பத்தொன்று வயசு இருக்கும். மார்பில் கேன்சர். பெங்களூரில் ஆபரேஷன் செய்து, மருந்தெல்லாம் ஏற்றி, ஒரு வருஷம் நன்றாக இருந்திருக்கிறாள். திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவை தோலை உடைத்துக்கொண்டு வந்தது. இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

புருஷன் பேர் மாதேஷ். கம்பெனியில் காண்டிராக்ட் ஆள். அப்போது அவருக்கு நைட் ஷிப்ட். நான் போனது பகல் பதினோரு மணிக்கு. தூங்காமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“வாங்க சிஸ்டர். தண்ணி காய வெச்சிருக்கறன்.”

உள்ளே கட்டில் பக்கத்தில் ஸ்டூல். அதன்மேல் வெந்நீர், சோப்பு, வெயிலில் காயவைத்து மடித்த வெள்ளைத் துணி. எல்லாம் வரிசையாக இருந்தது. நான் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

“வீட்ல பொம்பளைங்க யாருங்க?”

“பாப்பா இருக்குது. பன்னெண்டாவது. இஸ்கூலுக்குப் போயிருக்குது.”

“வேற?”

“வேற யாருமில்ல. அதுக்கென்னாங்க, நானே...”

“நீங்க கொஞ்சம் வெளிய இருங்கண்ணா. கட்டைப் பிரிக்கணும்.”

மஞ்சுளா படுத்தபடியே அவரிடம் தெலுங்கில் ஒன்று சொன்னாள். அவர்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. எனக்கும் தெலுங்கு நன்றாகப் புரியும், இந்தப் பக்கம் யாருக்குத்தான் புரியாது. ‘போகாதே, இங்கேயே இரு’ என்றாள். நான் புரியாத மாதிரி கையுறை போட்டுக்கொண்டேன். அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெளியே போய்விட்டார்.

கட்டைப் பிரித்தேன். சுத்தமாக இருந்தது. அந்த மாதிரிப் புண்ணில் அவ்வளவு சுத்தமான கட்டை நம் ஆஸ்பத்திரியிலேயே நான் அதிகம் பார்த்ததில்லை. துணி ஒட்டாமல் வந்தது. புண்ணைச் சுற்றித் தோல் கெடவில்லை. யார் கட்டியது என்று நான் கேட்கவில்லை. மகளாக இருக்கும் என்று நானே முடிவு செய்தேன்.

“அவருக்கே சொல்லிக்குடுங்க சிஸ்டர்” என்றாள் மஞ்சுளா. “பாப்பாக்குப் பரீட்சை வருது.”

“ஆம்பளைங்க கைக்கு இதெல்லாம் வராதும்மா. நட்டு போல்ட்டு முடுக்கற வேலையா இது?”

சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். எனக்காகச் சிரித்தாள்.

பைலில் பவித்ரா, மகள் என்று எழுதினேன்.

திரும்பும்போது வேன் டிரைவர் அன்வர் பாய் கேட்டார். ஏழு வருஷம் என்னோடு வண்டி ஓட்டினவர். எல்லா வீட்டு வாசலிலும் நின்று, எல்லாப் புருஷன்மாரோடும் பேசிக்கொண்டிருப்பவர்.

“அந்த ஆள ஏன்க்கா வெளிய அனுப்புனீங்க? பேசறப்ப பாத்தேன், நல்ல வெவரமான ஆளு.”

“வெவரம் இருந்தா போதுமா பாய்?”

“உங்களுக்கு ஆம்பளைன்னா வண்டி ஓட்ட மட்டுந்தான்.”

“ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.”

மறுநாள் பவித்ராவைப் பள்ளிக்குப் போகாமல் இருக்கச் சொல்லியிருந்தேன். இருந்தாள். மெலிந்த பெண். அப்பாவை நைனா என்று கூப்பிடுவாள். அம்மா புண்ணை முழுதாக அன்றைக்குத்தான் பார்த்தாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. எழுந்து வெளியே ஓடி வாந்தி எடுத்தாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். இதுவரை கட்டினவள் இப்படி ஓடமாட்டாள். நான் என்ன நினைத்தேன் என்றால், சின்னப் பிள்ளை, பழகிவிடும்.

வாசலில் மாதேஷ் அவள் முதுகைத் தடவிக்கொடுப்பது தெரிந்தது. “நைனா செய்யறேன் உடுமா” என்றார். அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே வந்தாள்.

பழகிவிட்டது. ஒரு வாரத்தில் என்னைவிட வேகமாகக் கட்டினாள். காலையில் முக்கால் மணி, சாயங்காலம் முக்கால் மணி. “நீயே ஒரு நர்ஸ்தான் கண்ணு. நீ இருக்கறப்ப எனக்கு என்ன கவலை” என்பேன். போகும்போதெல்லாம் இதைச் சொன்னேன். அவள் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

இதில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பார்த்துக்கொள்கிற ஆளைப் பாராட்டாதீர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் பாராட்டின பிறகு அந்த ஆளால் ‘எனக்கு முடியவில்லை’ என்று சொல்ல முடியாது. வாயைக் கட்டிவிடுகிறோம். பாராட்டுவதற்கு முன்னால், தனியாகக் கூப்பிட்டு, முடிகிறதா என்று கேளுங்கள். நோயாளி காதுக்கு எட்டாத இடத்தில் கேளுங்கள்.

பவித்ரா எட்டாத இடத்துக்கு அவளாகவே வந்தாள். ஒருநாள் வேன் வரைக்கும் கூட வந்து நின்றாள்.

“சிஸ்டர், அடுத்த மாசம் பரீட்சை. காலையில கட்டறத மட்டும் நைனா கட்டலாமா?”

“ஏன், உனக்கு என்ன?”

“ஆறு மணிக்கு எந்திரிச்சாலும் படிக்க முடியல. கைல வாசம் போக மாட்டேங்குது. பக்கத்துல ஒக்காரறவ தள்ளித் தள்ளி ஒக்காரறா.”

எனக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டிருந்தது. ஒரு காலை வேனில் வைத்துவிட்டேன்.

“பரீட்சை வருஷா வருஷம் வரும். அம்மா வருவாங்களா கண்ணு?”

நான் கதவைச் சாத்தினேன். அன்வர் பாய் கொஞ்ச நேரம் வண்டியை எடுக்காமலே உட்கார்ந்திருந்தார். அப்புறம் எடுத்தார்.

பரீட்சை ஆரம்பித்த பிறகும் அவள் நடத்திக்கொண்டு வந்தாள். காலையில் கட்டிவிட்டு, சீருடை மாட்டிக்கொண்டு, பஸ் பிடித்து சூளகிரிக்குப் போய் எழுதினாள். இரண்டு பேப்பர் முடிந்தது. மூன்றாவது பேப்பர் அன்றைக்குத்தான் போன் வந்தது.

காலை எட்டரை இருக்கும். நாங்கள் வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு வீட்டில் இருந்தோம்.

“சிஸ்டர், கட்டைப் பிரிச்சன். ரத்தம் வருது. நிக்கல.”

“எவ்ளோ?”

“துணி நனஞ்சிடுச்சு.”

இந்த மாதிரி நேரத்தில் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். எனக்கும் தெரியும். அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். மூச்சை நன்றாக இழுத்துவிட்டுப் பேசச் சொன்னேன். மஞ்சுளாவோடு ஒரு வார்த்தை பேசினேன். குரல் தெளிவாக இருந்தது. இதுவரைக்கும் எல்லாம் சரிதான்.

“ஸ்பீக்கர்ல போட்டிருக்கன் சிஸ்டர். நைனா வந்துட்டாரு, ஷிப்ட் முடிஞ்சி. நா புடிச்சிக்கறன், நீ பரீட்சைக்குப் போன்றாரு. குடுக்கட்டுமா? ஒம்பதே காலுக்கு பஸ்.”

இரண்டு விநாடி யோசித்திருப்பேன்.

“வேணாம். அவருக்குத் தெரியாது. அவரு கை வெச்சா இன்னும் மோசமாயிடும். நீயே புடி. நா வர்ற வரைக்கும் கைய எடுக்காத.”

அப்புறம் பவித்ரா, “சரிங்க சிஸ்டர்” என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு எங்கள் டாக்டரம்மா கேட்டார்கள். கை மாற்றும்போது மறுபடி பிய்த்துக்கொண்டு வருமோ என்று பயந்தேன் என்றேன். அது பாதிதான் உண்மை. மிச்சப் பாதி, பைலில் அவர் பேர் இல்லை. அவ்வளவுதான். நான் எழுதாத பேர் என் கண்ணுக்கு ஆளாகவே தெரியவில்லை.

நெடுஞ்சாலையில் லாரி ஒன்று கவிழ்ந்து வண்டிகள் வரிசையில் நின்றன. அன்வர் பாய் தக்காளி வண்டிகள் போகிற மண் பாதையில் இறக்கி ஓட்டினார். அப்படியும் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பத்து இருபது.

மாதேஷ் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். கம்பெனி உடுப்பு கழற்றவில்லை. இரண்டு கையையும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, எதையும் தொடாமல் முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்போது கழுவினாரோ, சோப்பு நுரை கையிலேயே காய்ந்து வெள்ளையாக இருந்தது. நான் அவரைத் தாண்டி உள்ளே போனேன்.

பவித்ரா சீருடையில் கட்டில் ஓரம் மண்டிபோட்டிருந்தாள். ஹால் டிக்கெட் பையிலிருந்து துருத்திக்கொண்டு தெரிந்தது. அவள் விரல்கள் மடங்க மறுத்தன. ஒவ்வொன்றாக நான் எடுத்துவிட்டேன். ரத்தம் நின்று எவ்வளவோ நேரமாகியிருந்தது. துணி காய்ந்திருந்தது.

“எப்ப நின்னுச்சு?”

“தெரியல சிஸ்டர். நீங்க எடுக்காதன்னீங்க.”

பத்து, பதினைந்து நிமிஷத்தில் நின்றிருக்கும். அதற்கப்புறம் அவளை நான் ஒன்றரை மணி நேரம் சும்மா மண்டியிட வைத்திருந்தேன்.

மஞ்சுளா கண்ணை மூடிக்கொண்டு, “மணி என்னாச்சு?” என்று கேட்டாள்.

அன்வர் பாய் அவளை வேனில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் பறந்தார். அரை மணி நேரத்தில் திரும்பக் கொண்டுவந்து விட்டார். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்களாம். தலைமை ஆசிரியையிடம் கெஞ்சிப் பார்த்திருக்கிறார். அந்த அம்மா கையிலும் இல்லை.

திரும்பும் வழியில் பாய் கேட்டார்.

“அந்த ஆளு கையப் பாத்தீங்களாக்கா?”

“பாத்தேன்.”

“எங்கம்மா ஒண்ணரை வருசம் கெடந்தாங்க. நாந்தான் எல்லாம். பீ மூத்தரம் உட்பட. எம் பொண்டாட்டி அப்ப மாசமா இருந்தா.”

“நீங்க சொல்லவே இல்லியே பாய்.”

“நீங்க கேக்கவே இல்லியேக்கா.”

அடுத்த வாரம் போனபோதுதான் பவித்ராவிடம் கேட்டேன். “நா வர்றதுக்கு முன்னாடி அம்மாவுக்கு யாரு கட்டினது?”

“நைனாதான். பத்து நாளு.”

எனக்குத் தெரிந்துவிட்டது. இங்கே ஒரு விஷயம் ஒளிக்காமல் எழுத வேண்டும். தெரிந்த அன்றைக்கே பைலில் பேரை அடித்து எழுதியிருக்கலாம். மாதேஷைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் அங்கேதான் இருந்தார், மாட்டுக் கொட்டகை ஓரத்தில், என் கண்ணில் படாத மாதிரி நின்றுகொண்டு. எனக்கு வாய் வரவில்லை. இருபது வருஷ சர்வீஸ்காரி, ஒரு காண்டிராக்ட் ஆளிடம் ‘என் தப்பு’ என்று சொல்வதா என்று இருந்தது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். அடுத்த வாரமும் அப்படியே.

அதற்குப் பதிலாக ஒன்று செய்தேன். தலைமை ஆசிரியையைப் போய்ப் பார்த்து, பவித்ரா ஜூனில் துணைத் தேர்வு எழுத விண்ணப்பம் போட வைத்தேன். அத்தோடு கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பரீட்சையைத்தானே கெடுத்தோம், பரீட்சையைத்தானே சரி செய்தோம் என்று.

மஞ்சுளா அந்த ரத்தத்துக்கு அப்புறம் ஐந்து வாரம் இருந்தாள். கடைசிக் கட்டுவரைக்கும் பவித்ராதான் கட்டினாள். காரியத்துக்குப் போனேன். மாதேஷ் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். பைலை மூடி ஆபீசில் கொடுத்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் சூளகிரி பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். தோளில் பையோடு ஒரு பெண் வந்தது.

“சிஸ்டர், என்னைத் தெரியுதா?”

பவித்ரா. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கிருஷ்ணகிரியில் காலேஜ் போகிறாளாம். துணைத் தேர்வில் பாஸ், அந்த வருஷம் சீட்டு கிடைக்கவில்லை, அடுத்த வருஷம் சேர்ந்திருக்கிறாள். இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நான் ரொம்ப நாளாக வைத்திருந்ததை அங்கேயே சொன்னேன்.

“அன்னிக்கி பரீட்சை என்னாலதான் போச்சு கண்ணு.”

“அத உடுங்க சிஸ்டர். ஒரு வருசம்தான? எங்க கிளாஸ்ல கல்யாணம் ஆனவங்கல்லாம் இருக்காங்க.”

சிரித்தாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு கொஞ்சம் கிட்ட வந்தாள்.

“எனக்கு ஒண்ணும் வேணாம். நைனாவுக்கு ஒரு வார்த்த சொல்றீங்களா?”

“என்னாம்மா?”

“அவரு கட்டுன கட்டாலதான் அம்மாக்குப் புண்ணு பெருசாயி ரத்தம் வந்துச்சின்னு நெனச்சிக்கினு இருக்காரு. இன்னும் அதேதான். நா எத்தினியோ தடவ சொல்லிட்டன். நீ என்ன சிஸ்டரான்னு கேக்கறாரு.”

“யாரு அவருக்கு அப்பிடிச் சொன்னது?”

அவள் என்னையே பார்த்தாள். கோபம் இல்லை.

“நீங்கதான் சிஸ்டர். ஸ்பீக்கர்ல.”

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

நான் அவ்வளவு வருஷம் எதைத் தப்பு என்று வைத்திருந்தேனோ அது சின்னது. பெரியது என் கண்ணில் படவே இல்லை. நாம் ஒரு வீட்டில் நின்று, அவசரத்தில், யாரோ ஒருத்தரைப் பற்றி அரை வாக்கியம் சொல்கிறோம். நாம் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறோம். அவர்கள் அந்த அரை வாக்கியத்தோடு அந்த வீட்டிலேயே இருக்கிறார்கள். வெள்ளை உடுப்புப் போட்டவள் சொன்னால் அது டாக்டர் சொன்ன மாதிரி. சொந்த மகள் சொன்னாலும் அது அழியாது.

புது வீட்டுக்குப் போனால் இதுவரை யார் பார்த்தார்கள் என்று கேளுங்கள். அந்த ஆள் செய்ததைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். சரியாக இருந்தால் சரி என்று வாய் திறந்து சொல்லுங்கள். நோயாளி யார் கையைக் கேட்கிறார் என்று பாருங்கள். ஒரு பேருக்கு மேல் எழுதக் கட்டத்தில் இடம் இல்லையென்றால் ஓரத்தில் எழுதுங்கள். யாரும் உங்களைக் கேட்கமாட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. செய்யவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தனியாக பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். தக்காளித் தோட்டம் இருந்த இடத்திலும் இப்போது காம்பவுண்டு. மாதேஷ் வெளியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். முடி நிறைய நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“வாங்க சிஸ்டர். பாப்பா டவுனுக்குப் போயிருக்குது.”

“உங்களத்தான் பாக்க வந்தேன்.”

காபி போடட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். கட்டிலின் அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் அவர். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் யோசித்ததெல்லாம் மறந்துவிட்டது.

“அண்ணா, மொத நாளு நா பிரிச்ச கட்டு நீங்க கட்டினது. அது சுத்தமா இருந்துச்சி. அந்தப் புண்ணு நோயால பெருசானது. ரத்தம் வந்ததும் நோயாலதான். உங்க கையால ஒண்ணும் ஆவல. அன்னிக்கி நீங்க புடிச்சிருந்தாலும் நின்னிருக்கும். நாந்தான் தெரியாம சொல்லிட்டேன்.”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நெசமா சொல்றீங்களா? மனசு ஆறட்டும்னு சொல்றீங்களா?”

“நெசம்.”

“பாப்பா எதுனா சொல்லி அனுப்பிச்சா?”

“சொல்லுச்சி. ஆனா நெசம்.”

ரோட்டில் கம்பெனி பஸ் ஒன்று போனது. அது போய் முடிகிற வரைக்கும் அவர் காத்திருந்தார்.

“கடைசியா ஒரு பத்து நாளு கேட்டுக்கினே இருந்தா சிஸ்டர். பாப்பா வேணாம், நீ கட்டு, நீ கட்டுனாதான் வலிக்கலன்னு. அப்புறம் கட்ட வேணாம், சும்மா பக்கத்துல வந்து கைய வெய்யின்னா. நா தொடல. கை வெச்சா எதுனா ஆயிடப்போவுதுன்னு கதவாண்டயே நின்னுக்கினு இருந்தன்.”

தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

“அப்ப தொட்டிருக்கலாமா?”

வயசு முப்பதாக இருந்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன். அவளுக்கு அந்த நேரத்தில் எதுவும் தெரிந்திருக்காது என்றோ, விதி என்றோ. ஒரு தடவை அவரைப் பற்றிப் பொய்யாகப் பேசியாகிவிட்டது.

“தொட்டிருக்கலாம்ணா” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மெதுவாக எழுந்து வீட்டுக்குள் போனார். கதவு திறந்தேதான் இருந்தது. நான் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே வா என்று அவர் கூப்பிடவில்லை, வெளியேயும் வரவில்லை. வெயில் கட்டிலுக்கு வந்தபோது எழுந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.